வேன் வாங்கப் பூக்கட்டிப் பார்த்த வருஷம்

என் வயசுக்காரங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். சின்னவங்க படிச்சா, இதுக்குப் போயா இத்தனை வருஷம் மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டேன்னு கேப்பாங்க. நமக்கு மூட்டுவலி வந்தாச்சு, பேரன் பேத்தி எடுத்தாச்சு. இனிமே ஒளிச்சு வச்சு என்ன ஆகப் போகுது?

போன வாரம் என் மகன் போனை என் முகத்துக்கு நேரா நீட்டினான். ரெண்டு வேன் படம். "ரெண்டுல எதும்மா? கடைக்கும் ஆகணும், நாம எல்லாரும் ஏறிப் போறதுக்கும் ஆகணும். நீ எதைச் சொல்றியோ அதான்" என்றான். பிள்ளை பாசத்தோடுதான் கேட்டான். "என்னைக் கேக்காதப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து சாமி ரூமுக்குள் போய்விட்டேன். "அம்மாவுக்கு பிரஷர் ஏறியிருக்கும்போல" என்று என் மருமகளிடம் அவன் சொன்னது காதில் விழுந்தது.

பிரஷர் எல்லாம் இல்லை. எனக்குப் பத்து வயசில் இதே கேள்வியை என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். அதுதான் விஷயம்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார்கள். திருவண்ணாமலை டவுனில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டா, தேக்சா, ஜமக்காளம், பந்தல் சாமான் எங்கள் கடையிலிருந்து போகும். வீடும் கடையும் ஒன்றுதான். முன்பக்கம் பாத்திரம், பின்பக்கம் நாங்கள். புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசனையில்தான் தூங்கி எழுந்தோம். ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும் பெரியப்பா பேரும் அப்பா பேரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்த அண்டாக்களில்தான்.

எனக்கு ஒரே அக்கா. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இடது கால் சூம்பிப் போயிருந்தது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை, தோல் வார், அடியில் கனமான பூட்ஸ். அதை மாட்டினால் நடப்பாள். டக், டக் என்று அவள் வரும் சத்தத்தைக் கேட்டதும் பெரியப்பா கடையிலிருந்து "வர்றாங்கய்யா கலெக்டரம்மா" என்பார். அவருக்கு மூன்றும் ஆம்பளைப் பிள்ளைகள். அக்கா மேல் கொள்ளைப் பிரியம்.

மூன்று மாசத்துக்கு ஒரு தரம் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவாள். போளூர் வழியாகப் போகிற பஸ். இடுப்பில் அக்கா, தோளில் பை, பையில் இட்லிப் பொட்டலம். அங்கே இருந்த டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே விஷயத்தைச் சொல்வார்களாம். பொண்ணு வளர்ற வயசு. கால் வளர வளர இந்த இரும்பையும் நீளம் பண்ணணும். விட்டுட்டா முட்டி மடங்கின மாதிரியே நின்னுடும், அப்புறம் நீட்டறது கஷ்டம். அம்மா அதை வீட்டுக்கு வந்து மந்திரம் மாதிரி எங்களிடம் ஒப்பிப்பாள்.

அக்காவுக்குப் பன்னிரண்டு ஆனபோது அம்மாவின் இடுப்பு விட்டுப்போனது. பஸ்ஸில் இருந்து இறங்கினால் அப்படியே படியில் உட்கார்ந்துவிடுவாள். அதே சமயம் கடையிலும் வேலை ஜாஸ்தி ஆனது. மாட்டு வண்டியில் கீழ்பென்னாத்தூருக்குச் சாமான் அனுப்பினால் முகூர்த்தத்துக்குள் போய்ச் சேருமா என்று பெரியப்பா தவித்துக்கொண்டு இருப்பார். அப்போதுதான் வேன் பேச்சு வந்தது.

வேலூர் ரோட்டில் ஒரு ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாய் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். பழைய வண்டி ரெண்டு வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். எல்லாரும் போனோம்.

ஒன்று பின்பக்கம் திறந்தது. முன்னால் ரெண்டு பேர் உட்காரலாம், பின்னால் பலகைத் தொட்டி. கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக நின்றது. இன்னொன்று மூடின வண்டி. வெள்ளை நிறம். சுற்றிலும் ஜன்னல். உள்ளே மூன்று வரிசை சீட்டு, பச்சை ரெக்சின். அதற்கு முன்னால் அதில் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்வந்திருக்க வேண்டும். சீட்டின் சந்தில் ஒரு பென்சில் சீவியும் பாதி மிட்டாயும் கிடைத்தது. அப்பா அக்காவைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தார். அவள் காலை நீட்டிப் பார்த்தாள். முழுசாக நீட்ட இடம் இருந்தது. கண்ணாடியைத் தள்ளித் திறந்து "டிக்கெட், டிக்கெட்" என்று கத்தினாள்.

பெரியப்பா திறந்த வண்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பந்தக்கால் பதினாறு அடி. இந்த டப்பாக்குள்ள எப்டிடா நுழையும்? இதுதான் நம்ம தொழிலுக்கு ஆவும்."

"பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போவணும்ணா. அவளயும் அண்டா குண்டானோட பின்னாடி போட்டுக்கினு போவச் சொல்றியா?" என்றார் அப்பா.

"முன்னாடி குந்த வச்சிக்கோ. நீ ஓட்டு, உம் பொண்டாட்டி மடியில வச்சிக்கட்டும். நான் வேணான்னா சொல்றேன்?"

"மழ வந்தா மத்தவங்கல்லாம் பின்னாடி நனையணுமா?"

"தார்ப்பாய் எதுக்குடா கீது?"

பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஒரு வண்டி ரெண்டு வேலையும் செய்யும் அண்ணே. ஒரே நாள்ல ரெண்டையும் செய்யாது. அத மனசுல வச்சிக்கினு எதையாவது எடுங்க" என்றார்.

அந்த ஷெட்டில் அன்றைக்குப் பேசின எல்லா வார்த்தையிலும் அது ஒன்றுதான் உருப்படியான வார்த்தை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

நாலு நாள் அண்ணனும் தம்பியும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்குத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். பெரியம்மாதான் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "எதுக்கு இந்தச் சண்ட? தெருக்கோடியில ஆத்தா இருக்கா. பூக்கட்டிப் பாருங்க. அவ எதச் சொல்றாளோ அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

உங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிகப்புப் பூ ஒரு பொட்டலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை மனசில் நினைத்துக்கொண்டு அம்மன் காலடியில் போட்டு, வயசுக்கு வராத பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதற்கும், கிணறு தோண்டுவதற்கும், பெரியப்பாவின் நடுப்பிள்ளைக்கு மொட்டை எந்தக் கோயிலில் என்பதற்கும்கூட அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை வந்தால் ஜன்னல் வைத்த வண்டி, சிகப்பு வந்தால் திறந்த வண்டி என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலை. தலைக்கு ஊற்றிவிட்டு ஈரப் பாவாடையோடு என்னை நிறுத்தினார்கள். சிகப்புக்குக் கோயில் செடியிலேயே அரளி பறித்தார் பூசாரி. வெள்ளைக்கு அப்பா பூக்கடையில் மல்லி வாங்கி வந்தார். பூக்கடையில் தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தானே வைத்திருப்பார்கள்? பூசாரி ரெண்டையும் பேப்பரில் ஒரே மாதிரி மடித்து, திரும்பி நின்று குலுக்கி, ஆத்தா காலடியில் போட்டார்.

"கண்ண மூடிக்கினு அவள நெனச்சு எடும்மா."

நான் கண்ணை மூடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். ஒரு பொட்டலத்தின் ஓரம் நனைந்து கருத்துக்கொண்டு வந்தது. பேப்பரில் எழுத்து ஊறியிருந்தது.

அண்ணாமலையார் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த நேரம் நான் ஆத்தாளை நினைக்கவில்லை. பச்சை சீட்டையும், "டிக்கெட், டிக்கெட்" என்று கத்தின அக்கா முகத்தையும்தான் நினைத்தேன். கை நேராக ஈரத்துக்குப் போனது.

பூசாரி பிரித்தார். மல்லி. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தார். "ஆத்தாளே சொல்லிட்டா. இனி நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றார். பேசவும் இல்லை.

அந்த ஈரம் பெரியவர்கள் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கோயிலிலேயே வெள்ளையாகப் பூத்திருந்த நந்தியாவட்டையை விட்டுவிட்டு அப்பா ஏன் கடை மல்லிக்குப் போனார் என்றும் யோசித்திருக்கிறேன். செத்துப்போனவரைச் சந்தேகப்படுவது பாவம். அதோடு விட்டுவிடுகிறேன்.

வண்டி வந்த முதல் வாரம் மட்டும் சந்தோஷம். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அப்பா மலையைச் சுற்றி ஓட்டினார். நாங்களெல்லாம் எத்தனையோ பௌர்ணமிக்குக் கிரிவலம் நடந்தவர்கள். அக்கா ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை. அத்தனை தூரம் யார் தூக்குவது? எப்போதும் வீட்டு வாசலில் இருந்துதான் மலையைப் பார்ப்பாள். அடி அண்ணாமலை ஊரைத் தாண்டி வண்டி திரும்பினதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏய், மலைக்கு முதுகு கீதுடி" என்றாள். முன் சீட்டில் பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் செய்தது தப்பே இல்லை, ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று அந்த நிமிஷம் நம்பினேன்.

அப்புறம் வைகாசி முகூர்த்தம் தொடங்கியது.

சாமான் ஏற்ற வேண்டுமானால் சீட்டைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் நாலு போல்ட்டு. கழற்றித் தெருவில் வைப்பார்கள். அண்டாவை உள்ளே தள்ளினால் ஜன்னல் கம்பியில் இடிக்கும். பந்தல் கால்களை மேலே வைத்துக் கட்டினால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தரம் செங்கம் ரோட்டில் கயிறு அறுந்து ரெண்டு கால் ரோட்டில் உருண்டது. தாங்கப்போன பெரியப்பாவுக்கு விரல் நசுங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் "ஆத்தா குடுத்த வண்டி, இதாவது விரலோட போச்சு" என்றார். நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

கடைப் பையன்கள் முணுமுணுத்தால்கூட அடக்கிவிடுவார். அந்த வண்டியைப் பற்றிக் குறை சொன்னால் சாமி குத்தம். பத்து வயசுப் பிள்ளை ஒரு ஈரப் பேப்பரை எடுத்ததற்கு, ஐம்பது வயசு மனுஷன் பொறுமையாகக் குனிந்து குனிந்து போல்ட்டு கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை.

வைகாசியில் வேலூருக்குப் போக வேண்டிய தேதி வந்தது. அன்றைக்கு முகூர்த்தம். "அடுத்த வாரம் நம்ம வண்டியிலயே போலாம்" என்றார் அப்பா. அடுத்த வாரமும் முகூர்த்தம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் கூழ் ஊற்றுகிற கோயிலுக்கெல்லாம் அண்டா போனது. ஆவணி முழுக்கக் கல்யாணம். புரட்டாசியில் பெரியம்மா வீட்டு ஜனங்கள் திருப்பதிக்கு வண்டி கேட்டார்கள். சாமிக்குப் போகிறவர்களிடம் எப்படி இல்லை என்பது? ஐப்பசி, கார்த்திகை அப்படியே போனது. மார்கழியில் மலைக்கு மாலை போட்டவர்கள் எடுத்துப் போனார்கள்.

"பஸ்ல போய்ட்டு வந்துடறேனே" என்று அம்மா ரெண்டு தடவை கேட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல இன்னா பேசுவாங்க? வாசல்ல சொந்த வண்டிய நிறுத்தி வச்சிட்டு, பொண்ண இடுப்புல தூக்கிக்கினு பஸ்ஸுக்கு நிக்குறாளேன்னு சிரிக்கமாட்டாங்க? உன் இடுப்பு இருக்கிற இருப்புக்கு அது வேற. அந்தப் பொண்ணுக்காவத்தானே இந்த வண்டியே. கொஞ்சம் பொறு" என்றார் அப்பா.

வண்டி இல்லாத காலத்தில் ஒரு தேதிகூடத் தவறினதில்லை. வண்டி வந்தபிறகு எட்டு மாசம் போகவில்லை.

அக்கா வாயைத் திறக்கவில்லை. அவளுக்காக வாங்கின வண்டி என்று வருகிறவன் போகிறவனெல்லாம் சொல்லும்போது அவள் எப்படிக் கேட்பாள்? கால் வளர்ந்துவிட்டது, இரும்பு வளரவில்லை. தோல் வார் முட்டிக்குக் கீழே அறுத்தது. பழைய ஜமக்காளத்தில் கிழித்த துணியை உள்ளே சொருகிக்கொண்டு நடந்தாள். டக், டக் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது. தை மாசம் ஒரு நாள் காலையில் நான் அந்தத் துணியைப் பார்த்தேன். ரத்தமும் சீழுமாக ஒட்டிப்போயிருந்தது. "யார்கிட்டயும் சொல்லாதடி. வர்ற வியாழக்கெழம கூட்டிட்டுப் போறாங்களாம், அப்பா சத்தியம் பண்ணியிருக்காரு" என்றாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மா இட்லி கட்டினாள். அக்காவுக்கு ரெட்டை ஜடை போட்டு, போன தீபாவளிப் பாவாடையைக் கட்டிவிட்டாள். அக்காவை நடத்திக்கொண்டு நாங்கள் வாசலுக்கு வந்தோம்.

மூன்று பச்சை சீட்டும் தெருவில் கிடந்தன. வண்டிக்குள் பாதி அண்டா ஏறியிருந்தது.

பெரியப்பாவுக்கு எங்களைப் பார்க்க முகம் இல்லை. "கீழ்பென்னாத்தூர்ல ஒரு சாவு எடுக்கறாங்கம்மா. காலையில ஆள் வந்து நிக்கிறான். சாவுக்கு இல்லன்னு எப்டி சொல்றது? கலெக்டரம்மா, நாளைக்குக் கண்டிப்பா போலாம், இன்னா?"

"பரவால்ல பெரியப்பா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, கால் தாங்காமல் அந்தத் தெருவில் கிடந்த சீட்டிலேயே உட்கார்ந்தாள்.

அம்மா, "மாமா, இதோட எத்தினி நாளைக்கு?" என்றாள். பெரியப்பா எதிரில் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"நான் இன்னாம்மா பண்ணட்டும்? நானா கேட்டேன் இந்த வண்டிய? ஆத்தா சொன்னா. அவ சொன்னதுக்குள்ள ஏதோ இருக்கும். பொறுத்துக்கினு போவோம்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஆத்தா சொல்லல" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஆத்தா ஒண்ணும் சொல்லல. பேப்பர் நனைஞ்சிருந்துது. மல்லி எதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். அவ கால் பாரு, பெரியப்பா. அவ கால் பாரு."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் பாவாடைக்குக் கீழே தொங்கின துணியைப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, முண்டாசை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு அக்கா பக்கத்திலேயே சீட்டில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அப்பா, "அண்டாவ எறக்குங்கடா, சீட்ட மாட்டுங்க, சீக்கிரம்" என்று பையன்களைப் பார்த்துக் கத்தினார். ஒருத்தன் அண்டாவை இழுத்தான், அது ஜன்னல் கம்பியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. போல்ட்டு ஒன்றைக் காணோம் என்று இன்னொருத்தன் மண்ணில் தேடினான்.

அம்மா அதையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் புடவையை இழுத்துச் சொருகினாள். குனிந்து அக்காவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பன்னிரண்டு வயசுப் பெண், இரும்போடு சேர்த்து. "பைய எடுத்துக்கினு வாடி" என்றாள் என்னிடம். அடிக்கவில்லை, திட்டவில்லை.

"நில்லும்மா, இதோ மாட்டிடறோம், பத்தே நிமிஷம்" என்று அப்பா பின்னாலேயே வந்தார். அம்மா திரும்பவில்லை. தெருவில் ஜனங்கள் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார்கள். பஸ் போளூர் தாண்டியது. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீ எடுத்தது ஒரு நாள் தப்பு. நாங்க அவ தலையில பாரத்தப் போட்டுட்டு எட்டு மாசம் சும்மா இருந்துட்டோம்" என்றாள். 'அவ' என்றது ஆத்தாளை. நான் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது என்னோட அந்த ஒரு நாள் தப்புக்கு மன்னிப்புக் கேட்டுத்தான் கும்பிடுகிறேன். யாருக்காகவும் எதையும் தேர்ந்தெடுத்துச் சொல்ல மாத்திரம் இன்னும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துணியைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். முட்டியை மெல்ல அழுத்தி நீட்டிப் பார்த்தார்கள். ஒரு அளவுக்கு மேல் அது போகவில்லை. மறுபடி அழுத்தினார்கள். போகவில்லை. இன்றுவரைக்கும் போகவில்லை. அக்கா தொடையில் கையை ஊன்றித்தான் நடக்கிறாள்.

டாக்டரம்மாவுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "ஒரு தடவகூட தவறாம வந்துட்டு இருந்தீங்களேம்மா. எட்டு மாசமா ஏன் வரல? பஸ் இல்லையா?"

"பஸ் இருந்துதுங்க" என்றாள் அம்மா. "எங்களுக்கு வண்டி வந்துடுச்சு. அதான் வர முடியல."